மூன்றாவது கூவலுக்குப் பிறகு ஒரு ஹாரன்

நான் கோழி வளர்க்க ஆரம்பித்தது கோழி மேல் இருந்த ஆசையால் இல்லை, பூரானால். போடியில் எங்கள் மெடிக்கல் கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெறும் இடம். மழை பெய்தால் மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர் அங்கே வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த ஈரத்துக்குப் பூரான் வராமல் இருக்குமா? ஒரு நாள் என் வீட்டுக்காரரின் செருப்புக்குள் இருந்துகொண்டு அவரைப் பதம் பார்த்தது. அவர் போட்ட சத்தத்தில், கடையில் இருமல் மருந்து வாங்க நின்றிருந்த ஆள் உள்ளேயே ஓடிவந்துவிட்டார்.

"நாலு நாட்டுக்கோழி விடுங்க தங்கச்சி, ஒரு பூரான் தங்காது" என்று சொன்னது அந்த ஆள்தான். அவர் ஜீப் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் எங்கள் தெரு முக்கில் நின்று ஹாரன் அடிப்பார், ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். என்றைக்கும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. ஒரு நாள் சீக்கிரம் வந்து தெருவையே எழுப்புவார், மறுநாள் பெண்கள் தூக்குவாளியோடு நின்று நின்று கால் கடுத்த பிறகு வருவார். அந்த ஹாரனைத் திட்டிக்கொண்டேதான் நான் பல வருஷமாகக் கண் விழித்தேன். அந்த மனிதரே அடுத்த நாள் ஒரு சாக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். உள்ளே நாலு பெட்டை.

பூரான் ஒழிந்தது உண்மை. ஆனால் வேறொன்று வந்து சேர்ந்தது: கோழிக்காரர்கள். மருந்துக்கடைக்காரி கோழி வளர்க்கிறாள் என்று தெரிந்ததும், கோழிக்கு மாத்திரை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "சளி புடிச்சிருக்கு, அந்த மஞ்சக் கேப்சூல்ல ரெண்டு குடுங்க" என்பார்கள். "யாருக்கு?" என்றால், "சேவலுக்கு" என்பார்கள், வீட்டில் ஒரு ஆளைச் சொல்கிற மாதிரி. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. மனுஷ மருந்தைக் கோழிக்குக் கொடுக்காதீர்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். நான் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்காரரிடம் வாங்கிப் போய்விடுவார்கள்.

நாட்டுக்கோழி வளர்க்கிறவர்களுக்கு இருக்கிற பெரிய பயம் வெள்ளைக்கழிச்சல். அது வந்துவிட்டால் தெருவையே துடைத்துவிட்டுப் போகும். வந்த பிறகு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளத் தடுப்பு மருந்து உண்டு. தேனியில் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும், ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக் கொண்டுவரலாம். சிக்கல் அந்தக் குப்பியில்தான். சின்னக் குப்பி, நூறு கோழிக்கு மருந்து. கரைத்துவிட்டால் சீக்கிரம் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. நாலு கோழி பெருகி ஏழு வைத்திருக்கிற நான் மற்ற தொண்ணூற்று மூன்றுக்கு எங்கே போவேன்?

அந்தத் தொண்ணூற்று மூன்று கோழிகளைத் தேடித்தான் தெருவுக்குள் இறங்கினேன். இத்தனை வருஷம் அந்தத் தெருவிலேயே இருந்திருக்கிறேன், யார் வீட்டுப் பின்பக்கத்தையும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். கோழி அடையும் நேரத்தில் போனால்தான் பிடிக்க முடியும் என்பதால், பொழுது சாய்ந்ததும் பிளாஸ்கும் சொட்டுக் குழாயுமாக நானும் ஜீப் ஓட்டுகிறவரும் கிளம்பினோம். ஜீப்பு அண்ணன் வீட்டுக் கோழிகள் முருங்கை மரத்தில் அடைகிற ரகம். அவர் மரத்தில் ஏறி ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இறக்க, நான் கண்ணில் ஒரு சொட்டு விட, அவர் சம்சாரம் கூடையில் போட்டு மூடினார். ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கிறவர் மொட்டை மாடியில் வளர்த்தார். வேதக்காரர், சொட்டு விடுவதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னார். மருந்து கெட்டுவிடும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ராத்திரி வீடு திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது. கோழியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பெருமை பேச முடியாது, அது எல்லோர் மேலும் ஒரே மாதிரிதான் எச்சம் போடுகிறது.

அப்புறம் ஜீப்பு அண்ணன் வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். 'கொல்லப்புறக் கோழிகள்' என்று பேர் வைத்தார். தேவாரம் வரைக்கும், பொட்டிபுரம் வரைக்கும் ஆள் சேர்ந்தது. காலையில் பூப்போட்ட வணக்கம், கமிஷன் கடைக்காரரின் வேத வசனம், யாரோ ஒருத்தர் வீட்டுக் குஞ்சு பொரித்த படம், தீனிக்குக் கம்பா சோளமா என்று ஒரு சண்டை. எரிச்சலாக இருக்கும். ஆனால் அதைப் பார்க்காமல் கடையைத் திறக்கவும் மாட்டேன்.

குரூப்பில் இல்லாத ஒருத்திதான் எனக்கு நெருக்கமானவள். தெருக் கடைசியில் தகரம் வேய்ந்த வீடு. ஜீப்பில் மலைக்குப் போய் ஏலக்காய் எடுக்கிறவள். வீட்டுக்காரர் இறந்து ரொம்ப நாளாகிறது. கையில் இருந்தது பட்டன் போன், அதில் வாட்ஸப் எங்கே வரும்? சொட்டு மருந்து விடப் போன அந்த முதல் நாளே "வாங்க மதினி" என்று கூப்பிட்டாள். அதிலிருந்து நானும் மதினி, அவளும் மதினி. அவளுக்கு ஒரே மகள், கட்டிக் கொடுத்துத் திருப்பூரில் இருந்தாள், புருஷனும் அங்கேதான் பனியன் கம்பெனியில். அந்தப் பிள்ளைக்கு ரெண்டு தடவை உண்டாகி ரெண்டு தடவையும் தங்கவில்லை.

மூன்றாவது தடவை உண்டானபோது, மதினி தன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு செவலைச் சேவலைக் குலசாமிக்கு நேர்ந்துவிட்டாள். பொட்டிபுரம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது அவர்கள் சாமி. பிள்ளை நல்லபடியாகப் பிறந்து வீடு வந்து சேர்ந்தால் இந்தச் சேவலை உனக்குத் தருகிறேன் என்று சொல்லி, காலில் மஞ்சள் துணியைக் கட்டினாள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. அந்தப் பிள்ளைக்குச் சத்து மாத்திரை எதெது, எப்போது ஸ்கேன் என்று போனில் கேட்டுச் சொல்வதுதான் என் நேர்த்திக்கடன். அப்படித்தான் அவள் என்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

நேர்ந்துவிட்ட சேவலை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, விற்கக் கூடாது. இதைத் தெருவில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது அந்தச் சேவல்தான். யார் வீட்டு வாசலில் வற்றல் காய்ந்தாலும் முதல் ருசி அதற்கு. என் கடைக்குள் வந்து எடை பார்க்கிற மெஷின் மேல் ஏறி நிற்கும். நான் கையை ஓங்குவேன், கடையில் நிற்கிறவர்கள் "சாமி சேவல்க்கா" என்பார்கள், ஓங்கின கையால் தலையைச் சொறிந்துகொள்வேன். கமிஷன் கடைக்காரர் வீட்டு மாடிக்கே போய் அவருடைய சேவலோடு சண்டை போட்டுவிட்டு வரும். "அது உங்க சாமிக்குத்தானே, எங்களுக்கு என்ன?" என்று அவர் சொல்வார். ஆனால் அவரும் கம்பை எடுக்க மாட்டார்.

மகள் தினமும் விடியலில் அம்மாவுக்குப் போன் பண்ணுவாள், ஜீப் வருவதற்கு முன்னால். சேவல் அந்நேரம் வேலிக் கல்லில் ஏறிக் கூவும். மதினி போனை அதற்குப் பக்கத்தில் நீட்டிப் பிடிப்பாள். "கேட்டுச்சா?" என்பாள். "கேட்டுச்சும்மா" என்று அந்தப் பக்கம் பதில் வரும். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா என்ற பேச்செல்லாம். முதல் ரெண்டும் மூன்றாம் மாசத்தைத் தாண்டவில்லை. இது நாலைத் தாண்டியது, ஐந்தைத் தாண்டியது. சேவல் கூவக் கூவ மாசம் ஏறுகிறது என்று அந்தப் பிள்ளைக்கு மனசில் பட்டுவிட்டது. ஒரு நாள் மழையில் சேவல் கூவாமல் ஒடுங்கிக் கிடந்ததற்கு, எனக்குப் போன் பண்ணி அழுதாள். நான் திட்டினேன். திட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்ச் சேவலைப் பார்த்துவிட்டும் வந்தேன்.

இதற்கு நடுவில், ஒரு காலையில் ஜீப்பு அண்ணன் அதிசயமாகச் சீக்கிரம் வந்துவிட்டார். மதினி இன்னும் கிளம்பவில்லை. காத்திருந்த நேரத்தில் சேவல் கூவுவதைப் படம் பிடித்தார். மூன்று தடவை கூவுகிறது, அப்புறம் இவர் பொறுமை இல்லாமல் ஹாரன் அடிக்கிறார், அத்தோடு முடிகிறது. 'சேவலே கெளம்பிருச்சு, ஆளக் காணோம்' என்று எழுதிக் குரூப்பில் போட்டார். எல்லோரும் சிரித்தோம்.

வளர்ந்த கோழிக்குச் சொட்டு மருந்து மட்டும் பத்தாது, றெக்கைக்கு அடியில் ஊசியும் போட வேண்டும். அதற்கும் குப்பி வாங்கி வீடு வீடாகப் போனோம். ஊசி போட்டால் முட்டை நின்றுவிடும் என்று பாதிப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள், கமிஷன் கடைக்காரரும் அதில் ஒருத்தர். மதினி வீட்டில் மற்ற கோழிகளை எல்லாம் தானே பிடித்துக் கொடுத்தாள். சேவலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு ஊசி வேணாம் மதினி. ரத்தம் பாத்தத சாமி ஏத்துக்காது. ஊனமில்லாமக் குடுக்கணும்."

"ஊசி குத்துனா ஊனமா? ஒங்களுக்கு எனக்கெல்லாம் எத்தனை ஊசி குத்திருக்காங்க" என்றேன்.

"நம்மளையா சாமிக்குக் குடுக்கப் போறோம்?"

சொட்டு மருந்து விடலாம், அதில் ரத்தம் வராது என்று அவளே ஒரு வழி சொன்னாள். விட்டேன். இது பத்தாது மதினி என்று சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன், ஜீப்பு அண்ணனையும் சொல்லச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நேந்ததுல நம்ம கைய வைக்கக் கூடாது தங்கச்சி" என்றார். தெருவில் ஒருத்தர்கூட என் பக்கம் இல்லை. குப்பியில் மருந்து மிச்சம் இருந்தது. வாய்க்காலில் ஊற்றக் கூடாதே என்று, வீட்டுக்கு வந்து கொதிக்க வைத்துக் குழியில் ஊற்றினேன்.

மாசி மாசம் மலைக்காற்று வறண்டு அடிக்கும்போது சீக்கு வந்தது. யார் வீட்டில் முதலில் வந்தது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் எனக்கு ஆத்திரம். தும்மினால்கூடப் படம் போடுகிற குரூப் திடீரென்று அமைதியாகிவிட்டது. வசனம் இல்லை, வணக்கம் இல்லை. சீக்கு என்று வெளியே தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று, தலை தொங்கியதை எல்லாம் ஆளுக்காள் சத்தமில்லாமல் அறுத்தார்கள், சந்தைக்கு அனுப்பினார்கள், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கோழியோடு சீக்கும் ஊர் ஊராகப் போனது. 'யார் வீட்டில் இருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கள், கோழியை வெளியே அனுப்பாதீர்கள்' என்று குரூப்பில் எழுதினேன். எல்லோரும் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. ஒரு பதிலும் இல்லை. ஒரு குப்பிக்காகச் சேர்ந்தவர்கள், சீக்கு வந்த அன்றைக்கு அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லியும் என்ன? கமிஷன் கடைக்காரர் மாடியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது, அவர் மனைவி கடைக்கு வந்து பினாயில் வாங்கியபோதுதான் தெரிந்தது.

மற்றவர்களாவது அறுத்துக் குழம்பு வைத்தார்கள். மதினிக்கு அதுவும் இல்லை. நேர்ந்துவிட்டதை நேரத்துக்கு முன்னால் தொட முடியாது, விற்க முடியாது, சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். ஒரு விடியலில் கடையின் பின்வாசலைத் தட்டினாள். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் கூடை. கூடைக்குள் பழைய சேலையில் சேவல். றெக்கை ரெண்டும் தொங்கிப்போயிருந்தது, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு விட்டது.

"ஏதாச்சும் ஒண்ணு குடுங்க மதினி."

எனக்குப் பின்னால் சுவர் முழுக்க மருந்து. காய்ச்சலுக்கு, வலிக்கு, மூச்சுக்கு, நெஞ்சுக்கு. கடைக்காரியாக நான் அன்றைக்கு நின்ற மாதிரி என்றைக்கும் நின்றதில்லை. "இதுக்கு மருந்து இல்ல மதினி" என்றேன். நான் ஏதோ கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "ஊசின்னாலும் போடுங்க, பரவால்ல" என்றாள். அந்த வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. இனிமேல் ஊசி போட்டாலும் ஆகாது என்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். தெரு முக்கில் ஹாரன் அடித்தது. தோட்டத்தில் அந்த வருஷத்துக் கடைசிக் காயெடுப்பு, போகாவிட்டால் சம்பளம் போய்விடும். கூடையை என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "பாத்துக்கிருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த அவசரத்திலும் இடுப்பில் இருந்த போன் அடித்தது. மகள். எடுக்காமலே ஓடினாள்.

சேவல் மத்தியானத்துக்குள் செத்துப்போனது. யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், காலுக்குக் கீழே ஒரு தடவை றெக்கை அடித்தது, அவ்வளவுதான். சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஜீப்பு அண்ணன் ஆழமாகக் குழி தோண்டினார், சுண்ணாம்பு போட்டார். மதினி மஞ்சள் துணியை அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டாள். அழவில்லை. "சாமிக்கு இது ஆகலையா, இல்ல சாமி முன்கூட்டியே எடுத்துக்கிருச்சா?" என்று எங்களைக் கேட்டாள். எடுத்துக்கொண்டது என்று ஜீப்பு அண்ணன் சட்டென்று சொன்னார். என் வீட்டுக் கோழிகள் ஊசி போட்ட புண்ணியத்தில் அந்நேரம் வரிசையாக வந்து அடைந்துகொண்டிருந்தன. அவளும் பார்த்தாள். எனக்கு அவற்றைச் சேலையால் மூடிவிடலாம் போல் இருந்தது.

அதற்குப் பிறகு கேட்டதுதான் பெரிய கேள்வி. "நாளைக்கு விடிஞ்சா புள்ளைக்கு என்ன சொல்றது?"

அப்போது ஏழாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. ஜீப்பு அண்ணன்தான் தன் போனை எடுத்துத் தேடினார். குரூப்பில் மேலே மேலே போய், வணக்கத்தையும் வசனத்தையும் தாண்டி, அந்தப் படத்தைக் கண்டுபிடித்தார். அமுக்கினார். எங்கள் கால் பக்கத்தில் சுண்ணாம்பு போட்டு மூடின குழி. போனில் அது மூன்று தடவை கூவியது. அப்புறம் ஹாரன். மதினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். அவள் போனில் மகள், என் போனில் சேவல். ரெண்டையும் பக்கத்தில் பிடித்தோம். "கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சும்மா" என்றது அந்தப் பக்கம். "நேத்து ஏன்மா எடுக்கல?" என்றும் கேட்டது. "வெரசா ஓடிட்டேன் ஆத்தா, ஜீப்பு வந்துருச்சு" என்றாள் மதினி. அவள் அவ்வளவு சரளமாகப் பொய் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இது எத்தனை நாளைக்கு? ஒரு பிள்ளை உலகத்துக்கு வருகிற வரைக்கும் தினமும் ஒரு செத்த சேவலைக் கூவ வைக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களால் ஆனது. என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "படிச்சவதானே நீ?" என்றார். ஆமாம், படித்தவள்தான். படித்ததில் இதற்கு ஒன்றும் இல்லை.

கொஞ்ச நாளில், மதினி மலைக்குப் போயிருந்த நேரம், அந்தப் பிள்ளை எனக்குப் போன் பண்ணினாள். சத்து மாத்திரை தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அத்தே, சேவல் செத்துருச்சுல்ல?"

கடையில் இருந்த ஆளிடம் அப்புறம் வரச் சொன்னேன்.

"ஹாரன் அத்தே. நெதம் மூணு கூவு கூவுது, ஒடனே ஹாரன் அடிக்குது. ஜீப்பு மாமா என்னிக்கு இம்புட்டு சரியா வந்துருக்காரு? செல நாளு ரெண்டு வாட்டி ஹாரன் கேக்குது." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. "அம்மாட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. அவுகளுக்கு ஒடஞ்சு போயிரும். நெதம் போடுங்க. நான் கேட்டுக்கிர்றேன்."

பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு" என்றாள். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்கள், சேவலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று என் வழக்கமான பேச்சைப் பேசினேன். உம் கொட்டினாள். நான் பேசியதை நானே நம்பினேனா என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் நம்பவில்லை. அதற்குப் பிறகு விடியலில் போனைப் பிடிக்கும்போதெல்லாம், மதினி கண்ணையும் பார்க்க முடியவில்லை, போனில் அந்தப் பிள்ளை "கேட்டுச்சும்மா" என்பதையும் கேட்க முடியவில்லை. ரெண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

மாசம் முழுசாக ஆகவில்லை. எட்டாம் மாசம் தொடங்கினதுமே வலி வந்துவிட்டது. மதினி உடுத்தின சேலையோடு பஸ் ஏறினாள். நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஏறும்போது மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சேவல மதினிகிட்ட விட்டுட்டு வர்றேன் ஆத்தா. அவுக பாத்துக்கிருவாக."

பெண் குழந்தை. ஒரு கையில் அடங்குகிற அளவுதான் என்று மதினி சொன்னாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூக்கில் குழாய். எடை ஏற வேண்டும், மூச்சு தானாக வர வேண்டும், அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்.

மறுநாள் விடியலில் என் போன் அடித்தது. மதினி நம்பர். "சேவலக் கூவ விடுங்க மதினி" என்றாள். என் போனில் பேசிக்கொண்டே என் போனில் படத்தைப் போட எனக்கு வராது. வீட்டுக்காரரை எழுப்பினேன். குரூப்பில் அவரும் இருந்ததால், அவர் போனில் தேடி எடுத்து, மேசையில் ரெண்டையும் பக்கத்தில் வைத்து அமுக்கினார். அதுவரைக்கும் கேலி பண்ணிக்கொண்டிருந்தவர், அடுத்த நாளிலிருந்து நான் எழுப்புவதற்கு முன்னால் எழுந்து போனோடு உட்கார்ந்திருக்கிறார்.

குரூப்பில் மறுபடியும் பேச்சு வந்திருக்கிறது. செத்துப்போன கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், எல்லோரும் புதுக் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். பிள்ளை நல்லபடியாக வந்தால் சாமிக்குக் கொடுக்க ஒரு செவலைச் சேவல் வேண்டும் என்று ஜீப்பு அண்ணன் எழுதியிருந்தார். கமிஷன் கடைக்காரர்கூடத் தேவாரம் பக்கம் விசாரிப்பதாகச் சொன்னார். வேறு சேவலைச் சாமி ஏற்குமா என்று போனில் மதினியிடம் கேட்டேன். "நேந்தது அதத்தான மதினி" என்றாள்.

நேற்று விடியலில் போன் வந்தபோது அந்தப் பக்கம் பேசினது அந்தப் பிள்ளை. "அத்தே, நர்ஸம்மா உள்ள விட்டுருக்காங்க. பாப்பா பெட்டிக்குப் பக்கத்துல போனை வச்சுக்கிர்றேன். கூவ விடுங்க." பின்னால் ஏதோ மெஷின் விட்டு விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அமுக்கினார். மூன்று தடவை கூவியது, ஹாரன் அடித்தது, நின்றது. அப்புறம் போன் கை மாறியது. மதினி. யாருக்கும் கேட்காத மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"அவளுக்குத் தெரியும் மதினி. முன்னாடியே தெரியும். நான் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன்."

ஏமாற்றுவதற்கு இனி யாரும் மிச்சம் இல்லை. அந்தச் சேவல் செத்துப்போனது தெரியாத ஒரே ஆள் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பாப்பாதான். "அப்ப நிப்பாட்டிருவமா மதினி?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அந்தப் பிள்ளையின் குரல் வந்தது. "இன்னொரு வாட்டி போடச் சொல்லும்மா."

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள் மதினி.

வீட்டுக்காரர் ஏற்கெனவே விரலை வைத்துக்கொண்டுதான் இருந்தார். மறுபடியும் அமுக்கினார்.